டிராயிங் மாஸ்டரின் ஸ்கூட்டர்

மார்ச் 2, வெள்ளி

தம்பி,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. ஜெயிலில் இருக்கிறவனிடம் அதைக் கேட்டால் நீ திட்டுவாய். நம் ஐஸ் லாரி டிரைவர் சொல்லித்தான் உன் சேதி தெரிகிறது. உன்னைச் சமையல்கட்டு ஸ்டோரில் போட்டிருக்கிறார்களாம். சனிக்கிழமை நம் ஃபாக்டரி ஐஸை நீயேதான் கொக்கி போட்டு இறக்குகிறாயாம். "ஆள் நல்லா பூசினாப்ல ஆயிட்டாரும்மா" என்றார். சந்தோஷம், தின்கிறதாவது உடம்பில் ஒட்டட்டும். இந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஜெயில் ஆபீஸ் வழியாக வந்தால் வார்டர் படிப்பார், அவர் வீட்டம்மா படிப்பார், மிச்சம் மீதிதான் உனக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வார்டு தேர்தலில் நான் நிற்கிறேன். நேற்று மனு கொடுத்துவிட்டேன். உன் பழைய முதலாளி மெம்பரை எதிர்த்துத்தான்.

குதிக்காதே, முழுக்கப் படி.

தெருக்குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தண்ணீரெல்லாம் மெம்பருடைய டேங்கர் லாரிக்குப் போகிறது. அதைப் பற்றிக் கேட்க முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். மெம்பர் அங்கே கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த இன்ஜினியரிடம் என்னைக் காட்டி, "இது யாருன்னு தெரியுதா? நம்மகிட்ட இருந்தானே ஒரு ரௌடிப்பய, அவனோட அக்கா" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. உன் அத்தான் கண்ணை மூடிய பிறகு தனி ஆளாய் ஒரு ஐஸ் ஃபாக்டரியை நடத்துகிறேன். நள்ளிரவில் கம்ப்ரசர் நின்றால் நானே ஸ்பானரைத் தூக்குகிறேன். எனக்கென்று ஒரு பேர் கிடையாதா? அவனுக்காக நீ ஒருத்தன் காலை உடைத்தாய். அவன் டீ குடிக்கிறான், நீ உள்ளே கிடக்கிறாய், நான் ரௌடிக்கு அக்கா. வயிறு எரிந்துபோய் வெளியே வந்தேன். அங்கிருந்து நேராக மனு வாங்கப் போய்விட்டேன்.

அவர்கள் என்னை என்ன செய்வார்கள், எப்படி வருவார்கள் என்று நீ எனக்கு எழுத வேண்டும். உனக்குத் தெரியாததா? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


மார்ச் 10, சனி

அக்கா,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நல்லவேளை, லாரியில் நிற்கும்போது பிரித்துப் படிக்கவில்லை. படித்திருந்தால் ஐஸ் கட்டியைக் காலில் போட்டுக்கொண்டிருப்பேன்.

வாபஸ் வாங்கிவிடு. இதைச் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். சின்ன வயதிலேயே வேண்டாம் என்ற மரத்தில்தான் ஏறுவாய். அதனால் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீ பயப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உன் வாசலுக்கு எதிரே இருக்கிற தெருவிளக்கின் பல்பை உடைப்போம். நாங்கள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு அடங்காவிட்டால் ஜன்னல் கண்ணாடி. அதற்கும் அடங்காவிட்டால் கை. எப்போதும் இடது கைதான். வலது கையால் வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட வேண்டுமே. முகத்தைத் தொடமாட்டோம். நாங்கள் எல்லாம் அப்படிப்பட்ட யோக்கியர்கள்.

முன்னால் வருகிறவன் செவிடன்தான். நீ அவனைப் பார்த்திருக்கிறாய், ஒல்லியாய், கழுத்தில் துண்டு கட்டியிருப்பான். போலீஸ்காரன் அறைந்ததில் இரண்டு காதும் போனவன். எவ்வளவு கத்தினாலும் அவனுக்குக் கேட்காது, அதனாலேயே மெம்பருக்கு அவனைப் பிடிக்கும். நான் உள்ளே வந்தபிறகு மெம்பர் ஒரு தடவைகூட எட்டிப்பார்க்கவில்லை. மாதம் தவறாமல் கேட்டில் எனக்குச் சோப்பும் சிகரெட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவன் செவிடன் ஒருத்தன்தான். நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆனாலும் மெம்பர் கை காட்டினால் உன் வாசலுக்கும் வருவான். அழுதுகொண்டே அடிப்பான். அவனைத் திட்டாதே.

ஜன்னலுக்குக் கம்பிவலை போடு. ஃபாக்டரியில் தனியாக இருக்காதே. உன் தம்பி சொன்னால் ஒரு தடவையாவது கேள்.

தம்பி


மார்ச் 17, சனி காலை

தம்பி,

நீ என்னமோ புலி வருது என்று எழுதினாய். நான் கம்பிவலை போட்டு, தலைமாட்டில் ஐஸ் கொக்கியை வைத்துக்கொண்டு தூங்குகிறேன். ஒரு பூனைகூட வரவில்லை!

தெருத்தெருவாய்ப் போகிறேன். எனக்குப் பூட்டுச் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். "ஐஸ்காரம்மா, ஓட்டுப் போட்டா ஒரு கட்டி ஐஸ் தருவீங்களா?" என்று இளவட்டங்கள் கேலி பண்ணுகிறார்கள். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் தலையாட்டுகிறார்கள். ஆனால் தலையாட்டலுக்கும் ஓட்டுக்கும் ரொம்ப தூரம். பக்கத்து வீட்டு டிராயிங் மாஸ்டர் ஒருத்தர்தான் எனக்காகப் போஸ்டர் எழுதிக் கொடுக்கிறார். அதுவும் பெயின்ட் துளி தன் ஸ்கூட்டரில் பட்டுவிடக் கூடாதென்று அதற்கு ஒரு போர்வை, மேலே இன்னொரு போர்வை. என் ஜன்னலுக்குக் கீழே நிழல் இருக்கிறதாம், அங்கேதான் நிறுத்துவார். பெண் கிடைக்கவில்லை மனிதருக்கு, ஸ்கூட்டரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று மெம்பரின் ஜீப் எதிரே வந்தது. செவிடன் பின்சீட்டில் இருந்தான். நான் பயப்படாமல் நடுத்தெருவில் நின்றேன். மெம்பர் கையை ஆட்டி, "வெயில்ல அலையாதீங்கம்மா, உடம்புக்கு ஆகாது" என்று சிரித்துவிட்டுப் போனான். செவிடன் எனக்கு வணக்கம் வேறு வைத்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். மூக்கை அறுத்துக் கையில் கொடுத்தமாதிரி இருந்தது. என்னை ஏன் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை? நான் என்ன அவ்வளவு கிள்ளுக்கீரையா?

அக்கா


மார்ச் 24, சனி

அக்கா,

அடி விழவில்லை என்று வருத்தப்படுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளே என்கூட இருக்கிற பிளம்பரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். பிளம்பர் என்றால் குழாய் வேலைக்காரன் இல்லை. குழாயால் ஆளை அடித்து உள்ளே வந்தவன். அடுத்த சனிக்கிழமை விடுதலை.

அடி ஏன் வரவில்லை என்று கேட்டாய். ஜெயிக்கிற ஆளைத்தான் அடிப்போம். தோற்கிறவனை அடித்தால் அவனைப் பெரிய ஆளாக்கிவிடுகிறோம் என்று மெம்பர் சொல்வான். ஊருக்கும் இது தெரியும். எவன் வீட்டு பல்பு உடைகிறதோ அவன்தான் மெம்பருக்குச் சமமான ஆள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். போன தேர்தலில் ஒருத்தருக்குக் கை ஒடிந்த அன்றுதான் கூட்டமே சேர்ந்தது. நாங்கள் ஒடித்த கைதான் அவரைக் கிட்டத்தட்ட ஜெயிக்க வைத்தது. அதிலிருந்து மெம்பர் ரொம்ப யோசித்துத்தான் கை வைக்கிறான்.

ஆகவே உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். நீ தோற்பாய், முழு உடம்போடு வீட்டுக்குப் போவாய். எனக்கு அது போதும். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான். நான் வெளியே வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

தம்பி


மார்ச் 31, சனி காலை

தம்பி,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இடது கையால் தாளைப் பிடிக்க முடியவில்லை. கட்டுப் போட்டிருக்கிறது.

நீ சொன்ன வரிசையிலேயே வந்தார்கள். திங்கட்கிழமை வாசலுக்கு எதிரே பல்பு. புதன்கிழமை மத்தியானம் நான் பிரசாரத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஜன்னல். கம்பிவலையைப் பிய்த்து, கண்ணாடியைத் தூளாக்கி, செங்கல்லை உள்ளே வீசியிருந்தார்கள். கீழே நின்ற மாஸ்டரின் ஸ்கூட்டர் மேலும் ஒரு செங்கல் விழுந்து ஹெட்லைட் நொறுங்கிவிட்டது. பாவம், அந்த மனிதர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஃபாக்டரி ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் உப்புத்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக நின்றேன். நீ சொன்னதைக் கேட்காதது என் தப்பு. கழுத்தில் துண்டு கட்டியவன் உள்ளே வந்தான். செவிடன்தான். முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த என் கொக்கியையே எடுத்து, முழங்கைக்குக் கீழே போட்டு இழுத்தான். சதை கிழிந்து தொங்கியது, தம்பி. வெள்ளையாய் எலும்பைப் பார்த்தேன். ஐஸ் மேலெல்லாம் என் ரத்தம். அந்தக் கட்டிகளை உடைத்துச் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டேன். தையல் போடும்போது நான் கத்தவில்லை என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தால் தெருவே திரண்டு நிற்கிறது. குடத்தோடு தலையாட்டிய பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். "எங்க ஐஸ்காரம்மா மேல கை வச்சவன் கை விளங்காது" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். அவர்கள் வாயிலிருந்து 'எங்க' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. போலீஸில் செவிடன் பேரைக் கொடுத்துவிட்டேன். அவன் ஓடி ஒளிந்துவிட்டானாம்.

நீ பதறாதே. நான் தைரியமாக இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 31, சனி

அக்கா,

லாரி கிளம்பும்வரைதான் நேரம். சாக்கு மேலே வைத்து எழுதுகிறேன்.

ஒரே தட்டில் சாப்பிட்டவன். என் அக்கா என்று தெரிந்தும் கொக்கியைப் போட்டு இழுத்திருக்கிறான். பிளம்பர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே போகிறான். அவனிடம் சொல்லிவிட்டேன். செவிடனின் எந்தக் கை உன்னைத் தொட்டதோ அந்தக் கை இருக்காது. அவன் எங்கே ஒளிவான் என்று எனக்குத் தெரியும், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய குடோன்தான்.

நீ ஒன்றும் செய்யாதே. யாரிடமும் பேசாதே.

தம்பி


ஏப்ரல் 7, சனி

தம்பி,

கை என்றுதானே எழுதினாய்? கையோடு விடச்சொல்லித்தானே அனுப்பினாய்?

செவிடன் செத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான் தெருமுனைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். குடோன் வாசலில் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தானாம். பின்னாலிருந்து இரும்புக் குழாயால் மண்டையில் அடித்திருக்கிறான் உன் ஆள். எதிர்க் கடைக்காரர் "ஓடு, ஓடு" என்று கத்தியிருக்கிறார். அவனுக்கு எங்கே கேட்கும்? விழுந்தபிறகும் அடித்தானாம். வாளித் தண்ணீர் சிவந்து வாசல்வரை ஓடியிருந்தது என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. பிணவறையில் கூலர் ரிப்பேராம், ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் கேட்டு ஆள் வந்தது. ஆட்கள் யாரும் தொட மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார்கள். நானே வலது கையால் கொக்கி போட்டு இழுத்து ஏற்றிவிட்டேன்.

ஊரில் எல்லாரும், மெம்பர்தான் சாட்சியை மறைக்கத் தன் ஆளையே தீர்த்துவிட்டான் என்கிறார்கள். போலீஸும் அப்படித்தான் நினைக்கிறது. மெம்பர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் போகிற இடமெல்லாம் கூட்டம். ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது.

செவிடனின் மனைவி வந்து ஃபாக்டரி கேட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. "வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரு என்கூட ஆஸ்பத்திரியில இருந்தாருக்கா. புள்ளைக்குக் காய்ச்சல். நீங்க யாரைப் பாத்தீங்க?" என்று கேட்டாள். எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தானே சொல்வாள். மாஸ்டர் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். அவர் இன்னமும் ஹெட்லைட் இல்லாத ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பதில் எழுது. எனக்குத் தூக்கம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 14, சனி

அக்கா,

ஸ்கூட்டர் ஏன் அங்கே நின்றது?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செவிடன் செத்தான் என்று படித்ததும் கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவன் தப்பே பண்ணியிருந்தாலும் நான் சாகச் சொல்லவில்லை. பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். புதன்கிழமை மாஸ்டரின் ஸ்கூட்டர் உன் ஜன்னலுக்குக் கீழே நின்றது என்று எழுதியிருக்கிறாய்.

நான் உனக்கு வரிசையை எழுதினேன். பல்பு, கண்ணாடி, இடது கை. ஒன்றை எழுதவில்லை. மறைக்கவில்லை, எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன் என்று யாராவது எழுதுவார்களா? ஒரு வீட்டில் கை வைப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரனிடம் வண்டியை எடுக்கச் சொல்வோம். அவனுக்கு நஷ்டம் வந்தால் அவன் சாட்சி சொல்லப் போவான். வண்டி பிழைத்தால் வாயைத் திறக்கமாட்டான். இன்றுவரை இதில் நாங்கள் தவறியதே இல்லை.

அதைச் சொல்லப் போகிறவன் செவிடன்தான். பேச்சுச் சரியாக வராதே அவனுக்கு. பக்கத்து வீட்டுக்காரனின் கேட்டில் நின்று இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தமாதிரி முறுக்கிக் காட்டுவான். அப்புறம் தெருக்கோடியைக் கை காட்டுவான். அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சத்தம் வராமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

உன் ஜன்னலை உடைத்தவன் எங்கள் ஆள் இல்லை. எங்கள் வரிசையைத் தெரிந்தவன், ஆனால் நான் எழுதிய அளவுக்கு மட்டும் தெரிந்தவன். நான் அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன்.

அக்கா, இல்லை என்று சொல்லிவிடு. பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 20, வெள்ளி

தம்பி,

உன் கடிதம் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு மறுநாள் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு பூத்துக்குப் போய் எனக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன். மெம்பர் நாற்காலியில் நான்தான் உட்காரப் போகிறேன். இன்ஜினியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

இல்லை என்று சொல்லச் சொன்னாய். உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி நாக்குத் தடித்துவிட்டது.

நான்தான். பல்பைக் கழியால் அடித்தேன். ஜன்னலை உடைத்தேன். செங்கல் ஸ்கூட்டரில் விழுந்தது தற்செயல், எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆட்கள் சாப்பிடப் போனதும் இடது கையை ஐஸ் கட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிள்ளினால் தெரியாத அளவுக்கு மரத்துப்போகும்வரை காத்திருந்தேன். பிறகு கொக்கியை வைத்து இழுத்தேன். மரத்துப்போன கை என்றாலும் அந்தச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். தோற்கிறவனை அடிக்கமாட்டோம் என்று நீதான் எழுதினாய். எனக்குத் தோற்கப் பிடிக்கவில்லை. யாரோ ஒருத்தன் என்று போலீஸில் சொல்லியிருக்கலாம். யாரோ என்றால் ஊர் நம்பாது. நீ செவிடனைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தாய், அவன் கழுத்துத் துண்டுதான் வாயில் வந்தது.

இதுவரைக்கும்கூட ஒருவேளை நீ மன்னிப்பாய். இனிமேல் எழுதுவதை மன்னிக்கமாட்டாய். பிளம்பரிடம் சொல்லிவிட்டேன் என்று நீ எழுதிய துண்டுச்சீட்டு அன்று சாயந்திரமே என் கைக்கு வந்துவிட்டது. செவிடன் எங்கே இருக்கிறான் என்றும் அதில் இருந்தது. குடோன் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். நான் போய்க் கையை ஆட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. கைதானே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கையும்தான் போயிற்று என்று சொல்லிக்கொண்டேன். போஸ்டருக்குப் பசை காய்ச்சினேன்.

உன் ஆள் பிளம்பர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. குடித்துவிட்டு, ஜெயிலிலிருந்து தம்பிக்காரன் சொல்லித்தான் அடித்தேன் என்று கடைக்குக் கடை உளறியிருக்கிறான். செவிடனின் மனைவி காதுக்கும் போயிருக்கும்.

சனி காலை. லாரி கிளம்ப நிற்கிறது, இதையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செவிடனின் மனைவி மாஸ்டர் வீட்டு கேட்டில் நின்றாள். இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டி முறுக்கிக் காட்டினாள். தெருக்கோடியைக் கை காட்டினாள். மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போய் மூலையில் நிறுத்திவிட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

நீ சொல்லி அனுப்பினாயா, தம்பி? அனுப்பியிருந்தால் சரி. உனக்கு அந்த உரிமை உண்டு. நான் எங்கேயும் போகமாட்டேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 21, சனி

அக்கா,

நான் அனுப்பவில்லை. சத்தியமாக நான் அனுப்பவில்லை. உன்னைத் திட்டியிருப்பேன், முகத்தில் விழிக்காதே என்றிருப்பேன், உன்மேல் கை வைக்கச் சொல்லுவேனா? அது செவிடனின் ஆட்கள். கதவைத் திறந்து வைக்காதே. எழுந்திரு, வெளியே போ!

லாரி போய்விட்டது. கேட்வரை ஓடினேன், காவலாளி கழியால் தள்ளிவிட்டான். அடுத்த லாரி அடுத்த சனிக்கிழமைதான். இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியும், ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வார்டர் காலில் விழுந்து ஒரு போன் பண்ணச் சொன்னேன். முதலில் சிரித்தார். "ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினா கொலை பண்ண வர்றாங்கன்னு அர்த்தமாடா? உங்க அக்கா இப்ப மெம்பர்டா, அவங்களை யாருடா தொடுவான்?" என்றார். ஏன் தொடுவார்கள் என்று சொன்னால்தான் போனை எடுப்பார். அதைச் சொல்ல வேண்டுமானால் பிளம்பரைச் சொல்ல வேண்டும், என் துண்டுச்சீட்டைச் சொல்ல வேண்டும், கொக்கியைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். உன் கடிதம் என் சட்டைக்குள் இருக்கிறது.

நீ என்னை வாழ்க்கை முழுக்கத் திட்டுவாய். திட்டு. உட்காராத நாற்காலி போகட்டும், உயிரோடு இருந்து திட்டு. சூப்பரிண்டெண்ட் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிறேன்.

தம்பி


மே 9, புதன்

தம்பி,

இப்போது ஜெயில் ஆபீஸ் வழியாகவே எழுதுகிறேன். இந்தப் பக்கம் பெண்கள் பிளாக்கில் கடிதம் படிக்கிற அம்மா கண்ணாடி போட்டவர், நல்ல மாதிரி. அவரும் படிக்கட்டும், மறைக்க இனி ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் போலீஸ் வந்து என்னை ஜீப்பில் ஏற்றியபோது உன்னைச் சபித்தேன். நாற்காலியில் ஒரு நாள்கூட உட்காராமல் பண்ணிவிட்டானே என்று தெரு கேட்கக் கத்தினேன். எங்க ஐஸ்காரம்மா என்று சொன்ன அதே பெண்கள்தான் நின்று பார்த்தார்கள். என் பேரை இப்போது ஊரே சொல்கிறது, என்ன சொல்கிறது என்று எழுதமாட்டேன். செவிடன் எனக்கு வைத்த வணக்கம்தான் தினமும் கண்முன்னால் வருகிறது.

நேற்று டிராயிங் மாஸ்டர் பார்க்க வந்தார். ஜீப் போய்க் கொஞ்ச நேரத்தில் செவிடனின் ஆட்கள் வந்தார்களாம். நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து, போலீஸ் சாத்திவிட்டுப் போன கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி, கட்டில், உன் பழைய சட்டைகள், கூரை எல்லாம் போயிற்று. சுவர் மட்டும் கறுப்பாய் நிற்கிறதாம்.

மாஸ்டர் இதையெல்லாம் குனிந்த தலையோடுதான் சொன்னார். நான்தான் ஸ்கூட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

அக்கா